ஞாயிற்றுக்கிழமை பேகலும் இருவர் சங்கமும்: ஓர் ஆய்வு

பேகல் என்பது, கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வளையமாகத் திரட்டி, முதலில் கொதிநீரில் போட்டெடுத்து, அதன் பின்னரே அடுப்பில் சுடப்படும் ரொட்டியாகும். நடுவில் ஓட்டை இருப்பதை மட்டும் கண்டு அதனை உளுந்து வடையின் பங்காளியாகக் கொள்வோர், வடை எண்ணெயைத் தவிர வேறெந்தக் குளத்திலும் இறங்குவதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். போலந்தின் கிராகோ நகர யூதச் சமூகம் 1610-இல் வகுத்த விதிகளில், பிள்ளைப்பேற்றின்போது தரத்தக்க பரிசுகளுள் ஒன்றாகப் பேகல் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, 1683-இல் வியன்னாவை முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னர் சோபியெஸ்கியைச் சிறப்பிக்கவே குதிரை அங்கவடியின் வடிவில் அது முதன்முதலாகச் சுடப்பட்டது என்னும் கதை, பிறந்து 73 ஆண்டுகள் ஆனவருக்குப் பெயர் சூட்டு விழா எடுத்ததற்கு ஒப்பாகும்.

யூதக் குடியேறிகளோடு நியூயார்க் சென்ற பேகல், அங்கே ஒரு சங்கமும் கண்டது. தமிழ்ச் சங்கங்களைப் போல் அதன் இருப்பை ஐயுற வேண்டியதில்லை. ‘லோக்கல் 338’ எனப்பட்ட அத்தொழிற்சங்கத்தில் ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். உறுப்பினர்களின் மக்களுக்கும் நெருங்கிய உறவினர்க்குமே பெரும்பாலும் இடம் கிடைத்தது. இருவர் பலகையில் மாவை உருட்ட, ஒருவர் கொப்பரையில் வேகவைக்க, ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, நால்வர் கொண்டது ஓர் அணி. 1951 டிசம்பரில் தகராறு முற்றி, நகரின் 34 பேகல் கடைகளில் 32 மூடப்பட்டன என்பதிலிருந்து அச்சங்கத்தின் வலிமை விளங்கும். 1960-களில் டேனியல் தாம்சன் என்பவரின் உருட்டும் இயந்திரம் பரவியதும் அச்சங்கம் தேய்ந்து மறைந்தது என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. அது மறையவில்லை, வார இறுதியில் பேகல் சுடும் தம்பதியரின் சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நால்வர் பணியை இருவர் பார்ப்பதால், இச்சங்கத்தில் எல்லைத் தகராறுகள் மிகுதி. முதல் தகராறு ஞாயிறு காலையில் எழுவதன்று, சனி இரவிலேயே எழுவது. 500 கிராம் மாவுக்கு 280 கிராம் தண்ணீர் என்னும் கணக்கில் பிசைந்த அம்மாவு, சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கையையும் வலிக்கச் செய்யும். திரட்டிய வளையங்களைத் தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்து இரவு முழுவதும் மெல்லப் புளிக்கவிட வேண்டும். குளிரில் ஈஸ்ட் சோம்பினாலும் சுவை ஊறிக்கொண்டிருக்கும். தட்டோ ஃபிரிட்ஜைவிட எப்போதும் இரண்டு விரற்கடை நீளமானது. முந்தாநாள் மிச்சமான பீட்சா பெட்டி யாருடையது, அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்னும் விசாரணை அப்போது தொடங்குகிறது.

காலையில் வளையம் ஒன்றைக் குளிர்ந்த நீரில் இட்டுப் பார்க்கின்றனர். மிதந்தால் பக்குவம், மூழ்கினால் இன்னும் காத்திருக்க வேண்டும். இதற்கு மிதப்புச் சோதனை என்று பெயர். இதன் பின் அதிகாரம் முழுவதும் கொப்பரைக்காரரிடம் செல்கிறது. பார்லி மால்ட் பாகும் சிறிது சமையல் சோடாவும் கலந்த கொதிநீரில் பக்கத்திற்கு அரை நிமிடம் வளையம் கிடக்கையில், மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து கூழாகித் தோல்போல் இறுகுகிறது. அத்தோல், அடுப்பில் பேகல் கண்டபடி உப்பாமல் தடுத்து, உள்ளே மெல்லத்தக்க இறுக்கத்தையும் வெளியே பளபளப்பையும் தருகிறது. இந்த ஒரு நிமிடத்தில் பலகைக்காரர் கரண்டியை நீட்டுவது பெரும் வரம்புமீறலாகும். ஆனால் அவர் முந்தைய இரவில் நுனிகளைச் சரியாக அழுத்தி ஒட்டாதிருந்தால், வளையம் நீரில் வாய் பிளந்து கேள்விக்குறியாக மிதக்கும். அக்கேள்வி யாரை நோக்கியது என்பதில் இருவருக்கும் ஐயம் இருப்பதில்லை.

சுட்ட பேகலை அறுப்பது தனி இயல். நியூயார்க் மாநிலத்தில் முழுப் பேகலை வாங்கிச் சென்றால் விற்பனை வரி இல்லை. கடைக்காரர் அறுத்துக் கொடுத்தால் வரி உண்டு. வீட்டில் அறுப்பவருக்கு அரசு எதுவும் விதிப்பதில்லை என்றாலும், பெரிய பாதி யாருக்கு என்னும் வழக்கு உண்டு. கணிதச் சிற்பி ஜார்ஜ் ஹார்ட் இதற்கொரு தீர்வு கண்டார்: கத்தியை வளையத்தைச் சுற்றிச் செலுத்தும்போதே ஒரு முழுத் திருகும் திருகிவந்தால், சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றில் ஒன்று கோத்த இரு சம பாதிகள் கிடைக்கும், கிரீம் சீஸ் தடவும் பரப்பும் கூடும். சமநீதியில் இதற்கு நிகரில்லை. ஆயினும் ஒருவர் தம் பாதியைக் கடிக்கத் தூக்கினால் மற்றவர் பாதியும் உப்பிட்ட சால்மன் மீன் துண்டுகளோடு கூடவே எழுந்து வருவதால், பெரும்பாலான தம்பதியர் ஒரு முறைக்குப் பின் நேராகவே அறுக்கின்றனர்.

மேற்கண்ட நால்வர் பணிப்பங்கீட்டில், மால்ட் பாகு பிசுபிசுத்து ஒட்டிய கொப்பரையைக் கழுவ ஐந்தாம் ஆள் குறிக்கப்படவில்லை. அது திங்கட்கிழமை மாலை வரையிலும் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.