தண்ணியில்லாக் காட்டுக்கு வாடகையா அப்பு?

வா அப்பு, உக்காரு. மொகம் ஏன் வாடிக் கெடக்கு? துபாய்க்குப் போயி மணல்மேட்டுல வண்டியில உருண்டு, கூடாரத்துல படுத்து எந்திரிக்க ஆசையாம். மடியில காசு இல்லையாம். இதுக்கா இந்த மூஞ்சி?

எங்க காலத்துல சர்க்கார் உத்தியோகத்துல இருக்கவன் மேலதிகாரிய எதுத்துப் பேசுனா என்ன சொல்லுவாக தெரியுமா? "ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிருவேன், தண்ணியில்லாக் காட்டுல கெட"ம்பாக. அப்படி வந்து எறங்கி, டிரங்குப் பெட்டி மேல உக்காந்து அழுத ஆளை நான் பாத்திருக்கேன். இன்னைக்கு அதே வெக்கைக்கும் அதே மணலுக்கும் ராத்திரிக்கு இவ்வளவுன்னு எண்ணிக் குடுத்து, ரிசார்ட்டுங்குறீக. தண்டனைக்கு வாடகை குடுக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்.

கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடா போயி வந்தவுக. அவுககிட்ட போயி, "மாமா, பாலைவனத்த ரசிச்சீகளா?"ன்னு கேட்டுப் பாரு. வெளக்கமாறு எங்க கெடக்குன்னு தேடுவாக.

மணல்தான வேணும்? தனுஷ்கோடி எதுக்கு இருக்கு? மதுரையில ராமேசுவரம் ரயில் ஏறு, சன்னலோரமா உக்காரு. பாம்பன்ல 1914ல தொறந்த பழைய பாலம் ஓஞ்சு போச்சு. பக்கத்துலயே புதுசு, 2025 ஏப்ரல்லருந்து ஓடுது. கப்பல் வந்தா நடுத்துண்டு அப்படியே மேல எழும்பும். ரெண்டு கிலோமீட்டர் கடலுக்கு மேல போற. இதுக்குன்னு தனியாக் காசு கேக்க மாட்டாக.

தங்க எடம் எங்கங்குற. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் நடந்தே போன சனத்துக்காகக் கட்டுன சத்திரமும் மடமும் ஊரு பூராக் கெடக்கு. பாயும் வெளக்கும் இருந்தாப் போதாதா? "சன்னலத் தொறந்தா கடல் தெரியணும் தாத்தா"ங்குற. கண்ண மூடித் தூங்கப் போறவனுக்குக் கடல் எதுக்குடா?

காலையில ராமேசுவரத்துலருந்து தனுஷ்கோடி பஸ்ஸுல ஏறு. முகுந்தராயர் சத்திரத்துலருந்து அரிச்சல்முனை மட்டும் தார்ரோடு வந்ததே 2017லதான். அதுக்கு முந்தி மணலுக்குள்ள வேன்தான். தூக்கித் தூக்கிப் போட்டு இடுப்பெலும்பக் கழட்டிக் கையில குடுக்கும். அந்தக் குலுக்கலத்தான் துபாயில காசு வாங்கிட்டுக் குலுக்குறாகளாம்! நல்ல ரோடு போட்டு நம்ம பொழப்பக் கெடுத்துக்கிட்டோம் பாரு.

ரோட்டுக்கு வடக்க பாக்கு நீரிணை, அது பெண்கடல். தெக்க மன்னார் வளைகுடா, ஆண்கடல். ஒண்ணு கண்மாய் மாதிரிக் கெடக்கும், ஒண்ணு கொம்புமாடு மாதிரி முட்டும். ரெண்டும் சேருற முனையில எறங்கி வீரம் காட்டாத. நீரோட்டம் இழுத்துச்சுன்னா போட்டா எடுக்குறவன் மட்டுந்தான் ஊர் திரும்புவான்.

பையி நெறையத் தண்ணிப் பாட்டில், அதுக்கொரு குளுகுளு உறை! அங்க இருக்குற மீன்புடிச் சனம் என்ன குடிக்கிதுன்னு கேட்டியா? மணலக் கையால பறிச்சா நல்ல தண்ணி ஊறும். சுத்தியும் உப்பு, நடுவுல இனிப்பு. மாயமில்ல அப்பு. பேஞ்ச மழை மணலுக்குள்ள எறங்கும். உப்புத்தண்ணி கனமானது, அது மேல நல்ல தண்ணி மெதந்து நிக்கும். ஆழமாத் தோண்டுனா உப்புத்தான். அளவாத் தோண்டுறவனுக்குத்தான் தண்ணி.

போறதுன்னா தை மாசிக்குப் போ. பூநாரை வந்து நிக்கும், பனங்கெழங்கு கெடைக்கும். ஒரு கட்டு வாங்கிக் கடிச்சுக்கிட்டே நட. ஓலைக்கொட்டாய்ல மீனு பொரிச்சுத் தருவாக. தட்டுல விழுகுறதுக்கு முந்தி வெலையக் கேளு. விழுந்தப்பறம் கேட்டா அது வெலையில்ல, விதி. சித்திரையில போனியோ, மீனுக்குப் பதிலா நீதான் பொரிஞ்சு வருவ.

அங்கன மேக்கூரை இல்லாம ஒரு மாதாகோயில் நிக்கிது. கல்யாணம் ஆகப்போற சோடிக அதுல சாஞ்சு நின்னு படம் புடிக்கிதுக. எடுக்கட்டும், வேணாங்கல. ஆனா 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்லருந்து வந்த ரயிலு சனத்தோட கடலுக்குள்ள போச்சு. தபாலாபீசு, ரயிலடி, கப்பலேறுற துறைன்னு இருந்த ஊரு விடியக்குள்ள இல்ல. மனுசன் குடியிருக்க லாயக்கில்லைன்னு சர்க்கார் எழுதிருச்சு. எனக்கு அப்பப் பத்து வயசு. எங்க ஆத்தா ஒரு வாரம் கடல்மீனு வாங்கல. அதனால அந்தச் சுவருகிட்டப் போனா, படம் புடிக்கிறதுக்கு முந்தி ஒருக்கா செருப்பக் கழட்டிட்டு நில்லு.

கூடாரம் அடிச்சு ராத்தங்கலாம்னு மட்டும் கனாக் காணாத. பொழுது சாயவும் போலீசுக்காரவுக எல்லாத்தையும் கெளப்பி விட்டுருவாக. பஸ்ஸு நிக்கிறப்பவே ஏறிரு. அத விட்டியோ, மிச்சம் புடிச்ச காசு பூராவும் ஆட்டோவுக்குத்தான்.