மூணாம் நாளே டார்கெட்டா, கண்ணு?

ஏங்கண்ணு, இப்படி வந்து உக்காரு. திருப்பூர்ல பனியன் கம்பெனில எச்.ஆர். ஆயிட்டியாமா? கழுத்துல பட்டை, பட்டையில போட்டோ. நல்லாத்தான் இருக்குது. புதுசாச் சேர்றவங்களுக்குத் தண்ணி பாட்டிலு, டைரி, பேனா எல்லாம் பையில போட்டுக் குடுக்கறீங்களாமா. சந்தோசம். பையக் குடுத்துப்போட்டு மூணாம் நாளே போர்டுல பேரெழுதி, மணிக்கு எத்தன பீசுன்னு கேக்கறீங்களாமா? ஒடிசாவுல இருந்து ரயிலேறி வந்த பையனுக்கு உங்க சூப்பர்வைசரு வையறது எதுக்குன்னு புரியறதுக்கே மூணு நாள் பத்தாதே!

நாலரை வருசம் டாக்டருக்குப் படிச்சவனயே இன்னொரு வருசம் ஹவுஸ் சர்ஜனாப் பெரிய டாக்டரு பின்னால சுத்த விடறாங்க. ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணுனவன முசௌரிக்குக் கூட்டிட்டுப் போயி, அப்புறம் ஒரு ஜில்லாவுல பழக விட்டுத்தான் நாற்காலி குடுக்கறாங்க. அவங்கெல்லாம் மக்கா? நம்ம ஓவர்லாக் மிசின் பையன் மட்டும் பொறக்கறப்பவே ஊசியில நூலக் கோத்துட்டு வந்திருக்கோணுமாக்கும்.

நீ ஓவர்லாக்ல உக்காந்திருக்கியா? ஏசி ரூம் கண்ணாடி வழியாப் பாத்தது கணக்குல சேராது. பனியன் துணி இழுத்தா நீளும். இழுத்துத் தெச்சா தையல் அலையலையா நெளியும். ஓரத்துல கத்தி ஓடிட்டே இருக்கும். சித்த அசந்தா துணியத் தின்னுபோடும். அளவு போச்சு. நூலறுந்தா திரும்பக் கோக்கறது தனி வித்தை. இதையெல்லாம் சுவத்துல படம் காட்டிச் சொல்லிப்போட்டா வந்துருமா? கைக்குக் காது கெடையாது கண்ணு.

முன்னெல்லாம் பையன் கைமடியாச் சேருவான். டெய்லரு பக்கத்துல நின்னு பீசு எடுத்துக் குடுப்பான், மடிப்பான், நூலு வெட்டுவான். டெய்லரு டீக்குப் போனா, அந்த மிசின்ல உக்காந்து வேஸ்ட் துணியில ஓட்டிப் பாப்பான். திட்டும் வாங்குவான். நாயமாப் பாத்தா இந்த ஊர்த் தையல்காரங்க பாதிப் பேரு டீக்கடைக்காரருக்குத்தான் குருதட்சணை வெக்கோணும்.

இப்பப் பழைய ஆளு சொல்லிக் குடுக்க மாட்டீங்கறான்னு பொலம்பறயே, ஏன்னு ரோசன பண்ணுனயா? அவனுக்குப் பீஸ் ரேட்டு. பக்கத்துல இருக்கறவனுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தா, சனிக்கிழம சம்பளத்துல அந்த மணி நேரம் ஓட்டையா நிக்கும். பாடஞ் சொல்லறவனே பீசு கட்டற பள்ளிக்கூடம் எங்காச்சும் உண்டா? பழகறவனுக்கு நாள் சம்பளம் குடு. பழக்கறவனுக்குக் கொறையற காசையும் சேத்துக் குடு. செலவாகுதுன்னு மொதலாளி மொகஞ் சுளிப்பாரு. செக்கிங்ல திரும்பி வர்ற மூட்டையப் பிரிச்சுத் தெக்கறது யாரு காசுலன்னு கேளு. பழகறவனுக்கு உதவித்தொகை குடுத்துப் பழக்குன்னு சர்க்காரு 1961லயே தொழில் பழகுநர் சட்டம் போட்டாச்சு. நீ அதையும் பரீட்சைக்குப் படிச்சுப்போட்டு மறந்திருப்ப.

நம்ம மாட்டயே பாரு. காங்கேயங் கன்னு பொறக்கறப்பச் செவலையா இருக்கும். நெறம் மாறவே மாசக்கணக்காகும். ஏருல பூட்டறப்பப் பழகுன எருதோட சோடி சேத்துத்தான் பூட்டுவோம். ரெண்டையும் கன்னாப் பூட்டுனா ஏரு எந்தக் காட்டுல போயி நிக்கும்னு மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம். நீ என்னடான்னா ஒரு லைன் முச்சூடும் புதுசுகள உக்கார வெச்சுப்போட்டு, தலைமாட்டுல கடியாரத்தோட ஒரு ஆள நிறுத்தியிருக்க!

அட, உனக்கு ஆறு மாசம் புரொபேசன்னு ஆர்டர்ல போட்டிருக்குதாமா? அத்தன கஷ்டமா உன்ற சோலி? 

செரி, போயிட்டு வா. உங்க கேட்டுல ‘டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் உடனடியாகத் தேவை’ன்னு எழுதியிருக்கறதப் பாத்தேன். மத்த கம்பெனிக்காரங்க சாக்பீசுல எழுதறாங்க. நீங்க ஆயில் பெயிண்ட்டுல எழுதி, மழை படாம மேல தகரமும் போட்டிருக்கறீங்களே!