கழுவேலி நடைக்கு ஒரு பொருளிலக்கணம்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் இதன் 5,151 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் 16ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இதன் கரையில் நடக்க வருபவருக்குத் தனியாக ஒரு சாத்திரம் தேவையில்லை. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற மூன்றே போதும்.

முதலாவது, முதற்பொருள்: நிலமும் பொழுதும்.

கழுவேலி ஒரு திணைமயக்கம். திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த மழைநீர் ஒரு புறமிருந்து இறங்குகிறது, அது மருதம். இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் மறுபுறமிருந்து ஏறுகிறது, அது நெய்தல். ஐப்பசி மழையில் நல்ல தண்ணீர் கை ஓங்கும். கோடை முற்ற முற்ற உப்பு ஏறி, பல இடங்களில் தரை வெடிக்கும். ஆகவே ஒரே இடத்தில் நின்றாலும் ஐப்பசியில் பார்ப்பது ஓர் ஏரி, பங்குனியில் பார்ப்பது வேறோர் ஏரி.

மருதத்துக்கு வைகறையும் நெய்தலுக்கு எற்பாடும் உரிய சிறுபொழுதுகள். பறவை பார்ப்பவருக்கு உகந்தவையும் விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான். உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும், கானல் ஆடும். நாரைக்கும் கொக்குக்கும் வேறுபாடு தெரியாது. வலசைப் பறவைகளைக் காண ஐப்பசி முதல் பங்குனி வரை வர வேண்டும்.

இரண்டாவது, கருப்பொருள்: அந்த நிலத்தில் வாழ்பவை.

இங்கே பறவைகளைப் பெயரால் தேடுவதைவிடத் தண்ணீரின் ஆழத்தால் தேடுவது எளிது. ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் ஓடி ஓடி நின்று கொத்தும். கணுக்கால் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான். அங்கேயே நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தும் கருவால் மூக்கன். முழங்கால் தண்ணீரில் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்புறம் கீழாகத் திரும்ப, நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். திறந்த நீர்ப்பரப்பில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வளைத்து மீனை ஒதுக்கும். ஓரடி ஆழம் கூடினாலோ குறைந்தாலோ இந்த வரிசையே மாறிவிடும்.

நன்னீர் ஓரத்தில் நத்தைக்குத்தி நாரையைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். அலகு மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அது நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை உள்ளே நுழைத்து, தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவி எடுக்கும். அது போன பிறகு அந்த இடத்தைப் பாருங்கள். வெற்று ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும்.

குனிந்து நடப்பவருக்குப் பறவை அல்லாதவையும் கிட்டும். முகத்துவாரப் பக்கத்துச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டுகள், வரப்பில் கீரி, பனைமர ஓரத்தில் நரியின் கால்தடம்.

மூன்றாவது, உரிப்பொருள்: நிலத்துக்கு உரிய ஒழுக்கம்.

மருதத்துக்கு ஊடலையும் நெய்தலுக்கு இரங்கலையும் இலக்கணம் சொன்னது. கழுவேலிக்கு உரியது காத்தல். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான்கள், வடக்கே திரும்புமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். படத்துக்காக ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்தே செலவு எழுதப்படுகிறது. எனவே கரையை விட்டு இறங்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. நாயை அழைத்துவரக் கூடாது. பறவை தலை நிமிர்த்தி நம்மைப் பார்த்தால் அதுவே எல்லை.

கரையில் ஒழுங்காக நடந்தால் மட்டும் கழுவேலி பிழைக்காது. ஆழம்தான் பறவையை முடிவுசெய்கிறது. ஆழத்தை மேலே உள்ள ஏரிகள் முடிவுசெய்கின்றன. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஊராருக்கு ஒரு வேண்டுகோள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் அக்டோபர் 2 கிராம சபையில், உங்கள் ஏரியின் வரத்துவாய்க்காலையும் கலங்கலுக்குக் கீழே உள்ள ஓடையையும் ஆக்கிரமிப்பு நீக்கித் தூர்வார ஒரு தீர்மானம் கேளுங்கள்.