முத்தொகுதியின் நடுப்புத்தகம்

கேள்வி: மூன்று பாக நாவல்களில் இரண்டாம் பாகம் வெறும் பாலம்தானா?

பதில்: பாலம்தான், ஆனால் கதையின் முழுப் பாரத்தையும் தாங்குவது அதுவே. அமெரிக்க எழுத்தாளர் லிப்பா பிரேயின் ஜெம்மா டாய்ல் வரிசை இதற்கு நல்ல சான்று. முதல் நாவல் 2003இலும், நடுநாவலான ‘ரெபெல் ஏஞ்சல்ஸ்’ 2005இலும், இறுதி நாவல் 2007இலும் வெளிவந்தன.

முதல் பாகம் 1895இல் பம்பாயில் தொடங்குகிறது. தாயை இழந்த ஜெம்மா, இங்கிலாந்தின் ஸ்பென்ஸ் பள்ளியில் சேர்ந்து மாய உலகின் கதவைத் திறக்கிறாள். அங்கே கட்டவிழ்ந்த மந்திர சக்தியை மீண்டும் கட்டுவதே இரண்டாம் பாகத்தின் வேலை.

கேள்வி: இத்தகைய மாயக்கதையின் திகிலுக்குப் பாழடைந்த மாளிகை வேண்டாமா?

பதில்: வேண்டியதில்லை. ‘ரெபெல் ஏஞ்சல்ஸ்’ நாவலின் களம் கிறிஸ்துமஸ் கால லண்டன். ஒருபுறம் விருந்தும் நடனமும். மறுபுறம் பெத்லம் மனநல மருத்துவமனை. அங்கே நெல் ஹாக்கின்ஸ் என்ற பெண்ணின் பிதற்றலில்தான் மாய உலகின் தடயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஊர் பைத்தியம் என்று ஒதுக்கியவளிடம் ஜெம்மா காதுகொடுக்கிறாள். வீட்டிலோ தந்தை அபினிக்கு அடிமை. பேயைவிட அதுவே அவளை அதிகம் அச்சுறுத்துகிறது.

கேள்வி: காதல்?

பதில்: சைமன் மிடில்டன் செல்வமும் மதிப்பும் தருவான், இந்திய இளைஞன் கார்த்திக்கை அந்தச் சமூகம் வாசற்படி ஏறவே விடாது. யாரை மணப்பது என்பதோடு, யாராக வாழ்வது என்ற கேள்வியும் ஜெம்மாவின் முன் நிற்கிறது. விடையை மூன்றாம் பாகத்துக்கு விட்டு, கேள்வியை ஆழமாக்குவதே நல்ல நடுப்புத்தகத்தின் இலக்கணம்.