கொக்கரிக்கும் கேள்விகள்

கேள்வி: கடையில் முட்டை கிடைக்கும்போது வளவுக்குள் கோழி எதற்கு? (நெடுந்தீவு)

பதில்: கடை முட்டை லொறி ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, படகு ஏறி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வீட்டுப் பேட்டுக்குப் படகு ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன! 2023-இல் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. உங்களுக்குக் கொழும்பைவிட இராமேசுவரம் கிட்ட. ஆனாலும் அந்த முட்டை கொழும்புக்குத்தான் போனது, அதுவும் பெரும்பாலும் பேக்கரிகளுக்கு. இரண்டு பேடு வைத்திருந்தவர் அந்தச் செய்தியை முட்டைக்கோப்பி குடித்தபடி வாசித்திருப்பார்.

கேள்வி: என் கோழி தோல்முட்டை இடுகிறதே, கண்ணூறா? (நயினாதீவு)

பதில்: சுண்ணாம்புக் குறைவாக இருக்கும். நெடுந்தீவின் முருகைக்கல் மதிலும் முட்டை ஓடும் ஒரே சரக்குத்தான்: கல்சியம் காபனேற்று. அதற்காக மதிலை உடைக்கவேண்டாம். கரையில் மட்டி, சிப்பி பொறுக்கிக் கழுவிக் காயவைத்து நொறுக்கி, ஒரு சிரட்டையில் வைத்துவிடுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

கேள்வி: மண்ணிற முட்டையில் சத்துக் கூடவாமே? (வேலணை)

பதில்: ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. நீங்கள் ஓட்டையா தின்கிறீர்கள்?

கேள்வி: போன வருசம் ஒரே கிழமையில் கூடு காலி. வெள்ளைக் கழிச்சலாம். தடுப்பு மருந்து வாங்கிவந்தால் போதுமா? (நெடுந்தீவு)

பதில்: எப்படி வாங்கிவருகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வட இந்திய மலையூர் ஒன்றின் பெயரால் நாம் ராணிக்கெட் என்கிற அந்த நோயை, வெள்ளைக்காரர் தங்கள் ஊர்ப் பெயரால் நியூகாசில் என்பார்கள். வருத்தத்துக்குத் தன் ஊர்ப் பெயரை வைக்க இரண்டு ஊர் போட்டியிட்டது இதில் மட்டும்தானோ என்னவோ. கண்ணில் சொட்டுவிடும் மருந்து உயிருள்ள கிருமி. சூடு பட்டால் செத்துவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் படகில் வெயில் காய்ந்தால் நீங்கள் கோழிக்கு விடுவது வெறும் தண்ணீர். பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதற்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒரு குப்பி எத்தனையோ கோழிக்குக் காணும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கவும் வேண்டும். ஆகவே வேலிச் சண்டையை ஒருநாள் ஒத்திவைத்து அயலவரையும் கூப்பிடுங்கள். அவர் கோழிக்கு வந்தால் உங்கள் கோழிக்கும் வரும்.

கேள்வி: ஊர்காவற்றுறையிலிருந்து நல்லூருக்குக் குடிவந்தோம், கோழிகளோடு. விடிய நாலு மணிக்குச் சேவல் கூவுகிறதென்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு. (நல்லூர்)

பதில்: தீவில் வளவு பெரிது, சத்தம் காற்றோடு போய்விடும். நகரத்தில் அது நேரே பக்கத்து வீட்டுத் தலையணைக்குப் போகிறது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. சேவலை ஊருக்கு அனுப்புங்கள். மாதம் நாலு முட்டையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. இந்த ஊர்க்கோழியோ விடாமல் முட்டை இடுகிறது! (யாழ்ப்பாணம்)

பதில்: அடைக்கு வையுங்கள். 21 நாள் கணக்கு. கொடியேற்றத்தன்று வைத்தால் தேருக்கு முன்னரே குஞ்சு பொரித்துவிடும். ஆனால் மேலே நல்லூர்க்காரருக்குச் சொன்னதைக் கேட்டு நீங்களும் சேவலை முன்னமே அனுப்பிவிட்டிருந்தால், பாவம், அந்தப் பேடு சும்மா விரதம் இருக்கும்.