பழையதா, புதியதா?

கேள்வி: விண்வெளித் திட்டம் மூப்படையும்போது பழைய கலங்களைச் செப்பனிடுவது சிக்கனமா, புதிதாகக் கட்டுவது விவேகமா?
– ஒரு வாசகர், கல்லாறு, திருவனந்தபுரம் மாவட்டம்

பதில்: விண்வெளி மையங்கள் உள்ள தும்பாவையும் வலியமலையையும் அண்டை அயலாகக் கொண்ட தாங்கள் என்னிடம் கேட்பது, கடற்கரையில் நின்றுகொண்டு உப்புக்குக் கடிதம் எழுதுவது போலிருந்தாலும், கேள்வி உத்தமமானது.

1986-ல் சாலஞ்சர் விண்ணோடம் நாசமானபோது, வளிமண்டலப் பரீட்சைக்கென்றே கட்டப்பட்டு விண்ணையே காணாதிருந்த என்டர்பிரைஸைப் புதுப்பிக்கலாமா என்று யோசித்த அமெரிக்கர்கள், அதைப் பிரித்துச் சீராக்குவதைவிடக் கையிருப்பிலிருந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு வேறொன்று செய்வதே செலவு குறைவு என்று கண்டு எண்டெவரைக் கட்டினார்கள். அது 1992-ல் பறந்தது. ஆகவே பழையது என்றாலே மலிவு என்பது வெறும் பிரமை. விண்ணோடம் ஒவ்வொரு தடவை திரும்பியதும் அதன் மேனியிலிருந்த ஆயிரக்கணக்கான வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதித்து, பழுதானவற்றை மாற்ற வேண்டியிருந்தது. மறுபயன் தந்திருக்க வேண்டிய மிச்சத்தைப் பெரும்பாலும் பராமரிப்பே விழுங்கிற்று.

நம்முடைய இஸ்ரோவின் மறுபயன் கலமான புஷ்பக் வேறு வழி காட்டுகிறது. 2024 மார்ச்சில் சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டுத் தானாகவே ஓடுபாதையில் இறங்கிய அதே சிறகுடலை, மாற்றமேதுமின்றி ஜூனில் மீண்டும் இறக்கி, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைப் பிரேக் பாராசூட்டால் ஏறத்தாழ நூறாகக் குறைத்தார்கள். பிறக்கும்போதே மறுபயனுக்கென்று பிறந்த கலத்தைச் செப்பனிடுங்கள், மற்றதைக் கௌரவமாக அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து மீளும் அக்கினிப் பரீட்சையைப் புஷ்பக் இனிமேல்தான் எழுத வேண்டும்.