தாவத் தெரிந்த டாக்டர்கள்

பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறையில் இறங்கி, நெரிசலில் கொஞ்ச நேரம் தவம் கிடந்தால் செபராங் ஜெயா வந்துவிடும். ஆஸ்பத்திரி உண்டு, பேரங்காடி உண்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் அளவுக்குக் கருமாரியம்மன் கோயில் ராஜகோபுரம் உண்டு. 1988-இல் திறந்த பறவைப் பூங்கா ஒன்றும் இருந்தது. தவளைப் பண்ணை மட்டும் இல்லை. அந்தக் குறையை அரசியல் தீர்த்து வைத்தது. கட்சி விட்டுக் கட்சி போகிறவரை மலாய்க்காரர்கள் ‘கத்தாக்’ என்பார்கள். தவளை. நம்மூர்க் கோப்பிக்கடைத் தமிழிலும் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

தவளைக் கதைக்கு முன்னால் இந்த ஊர் பிறந்த கதை. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுபதுகளில் திட்டம் போட்டுக் கட்டிய நகரம் இது. அப்போது முதலமைச்சர் ஒரு டாக்டர்: லிம் சோங் இயூ. எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். நோயாளியின் நாக்கைப் பார்த்ததைவிட நாட்டின் நாடியைத்தான் அதிகம் பார்த்தார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராடிக்கல் கட்சி. பிறகு சீனர் கட்சியான ம.சீ.ச. 1958-இல் அந்தக் கட்சியை நிறுவிய பெரியவர் டான் செங் லோக்கையே 89-க்கு 67 என்று வீழ்த்தித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறு வருஷமே பொதுத்தேர்தல். எங்களுக்கு 40 தொகுதி வேண்டும் என்று கூட்டணித் தலைவர் துங்குவிடம் கேட்டார். துங்கு 31 கொடுத்தார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். நோய்: தொகுதிக் குறைவு. மருந்து: புதுக்கட்சி. 1962-இல் ஒரு வேளை, ஐக்கிய ஜனநாயகக் கட்சி. 1968-இல் இன்னொரு வேளை, கெராக்கான். இரண்டாவது டோஸ் வேலை செய்தது. 1969-இல் 24 இடங்களில் 16 பிடித்து முதலமைச்சரானார்.

சரி, இனியாவது கூட்டணிக்கு எதிர்க்கட்சியாக நிம்மதியாக இருப்பார் என்று ஓட்டுப் போட்டவர்கள் நினைத்திருப்பார்கள். 1972-இல் யாரை எதிர்த்து ஜெயித்தாரோ அந்தக் கூட்டணியோடே கை கோத்தார். 1974-இல் தேசிய முன்னணி பிறந்தபோது கெராக்கானும் தொட்டிலருகே நின்றது. யாரும் தவளை என்று சொல்லி வழக்குப் போடவில்லை. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்தன, 1985-இல் பாலம் வந்தது, மனுஷன் 21 வருஷம் முதலமைச்சராக இருந்தார். 1990-இல் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் 706 ஓட்டில் தோற்றுத்தான் எழுந்தார். இப்போது அவர் பெயரில் நெடுஞ்சாலையே இருக்கிறது.

இனி நம்ம தொகுதி டாக்டர். அஃபிஃப் பஹார்டின், 2013-இல் பி.கே.ஆர். வேட்பாளராகச் செபராங் ஜெயாவை அம்னோவிடமிருந்து பறித்தார். இருபதுகளைத் தாண்டாத வயது. மாநில ஆட்சிக்குழுவிலும் இடம் கிடைத்தது: விவசாயம், கிராமப்புற மேம்பாடு, சுகாதாரம். அதாவது நெல்லுக்கும் அவரே, நெஞ்சு வலிக்கும் அவரே. 2018-இலும் ஜெயித்தார். இதுவரை கதையில் காய்ச்சல் இல்லை.

2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா ஷெரட்டன் ஹோட்டலில் ஒரு விருந்து. என்ன சாப்பிட்டார்களோ, நாட்டுக்கே வயிற்றைப் புரட்டியது. பி.கே.ஆர். துணைத் தலைவர் அஸ்மின் அலி ஆட்களோடு வெளியேறினார், மத்திய அரசாங்கம் கவிழ்ந்தது. இடையில் மகாதீர் பிரதமர் பதவியை ராஜினாமா செய்தார். அவரும் டாக்டர்தான், இந்தக் கதையில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. அஸ்மின் பக்கம் அறியப்பட்ட அஃபிஃப் மார்ச்சில் ஆட்சிக்குழுவிலிருந்து விலகினார். மாநிலத்தின் சுகாதாரப் பொறுப்பாளர் நாற்காலியை விட்டுப் போன அதே மாதம், 18-ஆம் தேதி, கோவிட்டுக்காக நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு. மூன்று கோடிப் பேருக்கும் ஒரே நாளில் எம்.சி. இப்படி ஒரு நேரப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

பி.கே.ஆரை விட்டு அவர் புதிதாக ஆட்சிக்கு வந்த பெரிக்காத்தான் கூட்டணிப் பக்கம் போனார். அங்கேதான் வினை. 2012-இல், அவர் சட்டமன்றத்துக்குள் காலடி வைப்பதற்கு முந்தின வருஷம், பினாங்கு அரசு தன் அரசமைப்பில் 14ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து வைத்திருந்தது: கட்சி மாறினால் தொகுதி காலி. அவரைப் போல மொத்தம் நால்வர் மாட்டினார்கள். நால்வர் என்றதும் தேவாரமும் திருவாசகமும் பாடியவர்களை நினைத்துவிட வேண்டாம், இவர்கள் பாடியது வேறு பாட்டு. அதிலும் இருவர் பாவம், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. அவர்கள் பெர்சத்துக்காரர்கள், பெர்சத்துவிலேயேதான் இருந்தார்கள். கட்சிதான் பி.கே.ஆரோடு இருந்த கூட்டணியை விட்டு நடந்து போனது. லிம் கட்சியையே தூக்கிக்கொண்டு போனார், ராஜதந்திரம் என்றார்கள். இவர்களைக் கட்சி தூக்கிக்கொண்டு போனது, தவளை என்றார்கள்.

நால்வரும் நீதிமன்றம் போனார்கள். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இதே மாதிரி ஒரு சட்டத்தைக் கிளந்தான் கொண்டுவந்தபோது, சங்கம் சேரும் உரிமைக்கு ஒவ்வாது என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் அதைக் குப்பையில் போட்டிருந்தது. ஆனால் முப்பது வருஷத்தில் மருத்துவமே மாறிவிடுகிறது, சட்டம் மாறாதா? 2022 ஜூலையில் நாடாளுமன்றமே கட்சித் தாவல் தடைக்குக் கை தூக்கியது. ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் 14ஏ செல்லும் என்றது. 2023 மார்ச்சில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு நான்கு இடங்களையும் காலியாக்கியது.

இடைத்தேர்தல் வரும், கூடாரம் போடுவார்கள், பந்திக்குப் பிரியாணி கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். சட்டமன்றத்தின் ஆயுளே முடியப் போகிறது, தேர்தல் வேண்டாம் என்றாகிவிட்டது. வருஷக்கணக்கில் இழுத்த வழக்கு, மிச்சமிருந்த சில மாத நாற்காலிக்கு.

ஆகஸ்டில் மாநிலத் தேர்தல் வந்தது. செபராங் ஜெயாவைப் பெரிக்காத்தான் வேட்பாளர் இஸ்ஹார் ஷா பிடித்தார். யார் இவர்? அஃபிஃபுக்கு முன் இங்கே உறுப்பினராக இருந்த அம்னோவின் ஆரிஃப் ஷாவுடைய மகன். 2008-இல் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் அன்வாரை எதிர்த்து நின்று, சீன வாக்காளர்களிடம் மாண்டரினில் பேசி ஓட்டுக் கேட்டாரே, அதே ஆரிஃப் ஷா. அப்பா தேசிய முன்னணியில் விட்ட தொகுதியை மகன் பெரிக்காத்தானில் எடுத்தார். 14ஏ-வை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். தலைமுறை விட்டுத் தாவுவதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.